இடிப்பெட்டி

எங்காவது ஆலங்கட்டி மழை பெய்துவிட்டால் போதும், இப்போதெல்லாம் நாலு கட்டியை உள்ளங்கையில் ஏந்திப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள். போன சித்திரையில் என் மருமகளும் அனுப்பியிருந்தாள், கூடவே சிரிக்கிற பொம்மை முகம் ஒன்று. நான் அதைத் திறக்கவில்லை. "என்னத்தே, பாக்கலையா?" என்று வந்து கேட்டாள். கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். கண்ணாடி என் தலையில்தான் ஏறி உட்கார்ந்திருந்தது, அவளும் அதைப் பார்த்தாள், நல்ல பெண், காட்டிக்கொள்ளாமல் போய்விட்டாள். ஆலங்கட்டி என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் காது மடல் சூடாகிவிடும். இத்தனை வயதாகியும் அந்தச் சூடு ஆறவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ரேடியோ.

எங்கள் ஊர் அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. வானம் தெளிந்த நாளில் மேற்கே பார்த்தால் பச்சைமலை நீலமாகக் கோடு போட்ட மாதிரி தெரியும். கிழக்கே ஒரே பொட்டல். அதைக் கடந்து போனால் யாரோ சுண்ணாம்பு சுட்டுவிட்டுக் கைவிட்டுப் போன பழைய காளவாய் ஒன்றும், தகரம் போட்ட பெரிய கொட்டகை ஒன்றும் இருந்தன. நடுவில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அந்தப் பொட்டலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. அம்மாவின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது அப்பாவுக்குத் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் ஒன்று கொண்டுவந்தார். அம்மாவுக்கு ஒரு சேலைகூட இல்லை. கூடப் பிறந்தவளை விட்டுவிட்டு மச்சானுக்குச் சீர் செய்கிற அண்ணனை இந்த ஜில்லாவிலேயே பார்த்ததில்லை என்று அம்மா பல காலம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவோ அதைக் கைக்குழந்தை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு வயலுக்கும் தூக்கிப் போனார்.

அந்த முதல் கோடையிலேயே அவர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். மத்தியானம் செய்தி கேட்கும்போது நடு நடுவே கர்ர், கர்ர் என்று ஓர் இரைச்சல் வரும். பேட்டரி தீர்ந்துபோச்சு என்பாள் அம்மா. பேட்டரி இல்லை, எங்கேயோ தொலைவில் மின்னல் வெட்டுகிற சத்தம் அது என்று அப்பா சொன்னார். இரைச்சல் கேட்ட நாட்களில் சாயங்காலம் இடி இடித்தது, கேட்காத நாட்களில் இல்லை. விட்டு விட்டு வந்தால் தூறல், அடிக்கடி வந்தால் மழை, எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி விடாமல் பொரிந்தால் ஆலங்கட்டி என்று அவரே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். அவர் மேலே படித்திருந்தால் என்னவாகியிருப்பார் என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு.

இரண்டாவது கண்டுபிடிப்புதான் பெரியது. ரேடியோவை மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தால் ஒரு திசையில் மட்டும் அந்த இரைச்சல் சட்டென்று அடங்கும். அப்போது ரேடியோவின் தலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் இடி இருக்கிறது என்றார் அப்பா. நீளப் பெட்டிக்குத் தலை எது, வால் எது? அவர் ஒரு முனையில் குங்குமப் பொட்டு வைத்தார். அதுதான் தலை.

சுற்றுகிற வேலை என்னுடையது. வாசலில் மனைப்பலகையைப் போட்டு, அதன்மேல் ரேடியோவைப் படுக்கவைத்து, நான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவேன். அப்பா குனிந்து காதை வைத்துக் கேட்பார். அவர் விரல் தடித்தது, பெட்டி சடக்கென்று திரும்பிவிடும். என் விரல்தான் சரி. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இதைவிட வேறு பெருமை வேண்டுமா? ரேடியோவில் தினமும், உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்று வாசிப்பார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள், "அந்த ஓரிரு எடம் எங்கதான்யா இருக்கு? அங்க பஸ் போவுதா?" என்று சிரிப்பார்கள். அப்பா சிரிக்கமாட்டார். அந்த இடம் எது என்று சொல்லத் தெரிந்த ஆள் தான் ஒருவர்தான் என்று அவருக்கு நினைப்பு. எனக்கும் அதே நினைப்புதான்.

முதலில் ஒரு தடவை பலித்தது. பெரியப்பா அறுத்துப் போட்டிருந்த எள்ளை அப்பா பேச்சைக் கேட்டு அம்பாரமாக்கி மூடினார், அன்று சாயங்காலமே மழை கொட்டியது. ஊரில் அப்பாவுக்குத் தனி மரியாதை வந்தது. வந்த மரியாதை ஒரு வருஷம்தான் நின்றது. அடுத்த பங்குனியில், களத்தில் மிளகாய்ப் பழம் காயப்போட்டிருந்த தெரு முழுவதையும் அப்பா ஓடி ஓடி அள்ளவைத்தார். அரைகுறையாகக் காய்ந்த பழத்தைச் சாக்கில் திணித்துவைத்தால் என்ன ஆகும்? வெந்துபோகும். ஒரு பொட்டு மழை இல்லை. பிரித்துப் பார்த்தபோது பாதிப் பழம் பூசணம் பூத்து வெளுத்துப்போயிருந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தார்கள்.

எங்கள் ரேடியோவுக்கு இடிப்பெட்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். அம்மா தண்ணீர் எடுக்கப் போனால், "என்னாக்கா, இடிப்பெட்டி என்னா சொல்லுது, தொவைக்கலாமா?" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னைக் கண்டதும் வாயால் கர்ர்ர் என்பார்கள். கணக்கு வாத்தியார்கூட ஒரு நாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தெருவழியாகப் போவதை விட்டுவிட்டு ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தேன்.

அந்த ராம நவமிக்குக் கல்லங்குறிச்சி கோயிலுக்குப் போயிருந்தோம். நல்ல கூட்டம். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அத்தனை கூட்டத்திலும் அப்பாவைக் கண்டுபிடித்து, "மழை வருமாண்ணே? தேரை இழுக்கலாமா, நிறுத்திரட்டுமா?" என்று கத்தினார். சுற்றியிருந்த அசலூர்க்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ஏதோ சொல்லிச் சமாளித்துச் சிரித்தார். நான் அவர் கையிலிருந்து என் கையை மெதுவாக உருவிக்கொண்டேன். வேறு யாரோ ஒரு குடும்பத்தோடு வந்த பிள்ளை மாதிரி நாலு அடி தள்ளியே கோயிலைச் சுற்றினேன். அப்பா இரண்டு தடவை கையை நீட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

சித்திரை பிறந்ததும் எங்கள் வயலில் கிடை போட்டார்கள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு வருகிறவரைக் கீதாரி என்போம். அறுப்பு முடிந்த வயலில் அவர் ராத்திரி ஆடுகளை மடக்கிப் படுக்கவைத்தால் விடிவதற்குள் மண்ணுக்கு வேண்டிய எரு சேர்ந்துவிடும். அதற்காக வயல்காரர்கள் முறை சொல்லிவைத்துக் காத்திருப்பார்கள். முறை வந்த கிடையை யாரும் பாதியில் விடமாட்டார்கள்.

அந்த வருஷக் கீதாரி அதிகம் பேசாத ஆள். மனைவி, கைக்குழந்தை, என் வயதில் ஒரு மகள். மந்தையில் பாதி ஆடு அவருடையது இல்லை, சொந்த ஊரில் பத்துப் பேர் நம்பி விட்டது. ஒன்று குறைந்தாலும் ஊருக்குப் போய் யார் முகத்திலும் முழிக்க முடியாது என்று அவர் மனைவி அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நடக்க முடியாத இளங்குட்டிகளைப் பெரிய மூங்கில் கூடைக்குள் கவிழ்த்து வைத்திருப்பார்கள்.

அந்த மகளோடு எனக்கு ஒரே நாளில் சிநேகமாகிவிட்டது. அவள் என்னைப் பார்த்துக் கர்ர்ர் என்று சொல்லவில்லை, அது ஒன்று போதாதா? கூடையைத் தூக்கி, ஒரு காது மட்டும் கறுப்பாக இருந்த குட்டியை என் மடியில் விட்டாள். அது என் பாவாடை நாடாவைச் சப்பியது. "உங்க வூட்டுப் பொட்டி இடி வர்றத முன்னாடியே சொல்லுமாமே, நெசமா புள்ள?" என்று கேட்டாள். ஊரெல்லாம் சிரித்த விஷயத்தைக் கண்ணை அகலமாக விரித்துக்கொண்டு ஒருத்தி கேட்கிறாள்! நான் விடுவேனா? அப்பளச் சத்தம், குங்குமப் பொட்டு, பெரியப்பாவின் எள் எல்லாவற்றையும் கைகாலை ஆட்டிச் சொன்னேன். மிளகாய்ப் பழத்தைச் சொல்லவில்லை. எங்கள் பெட்டி சொல்லி இதுவரை தப்பினதே இல்லை என்று முடித்தேன்.

நாலைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம். காற்று துளி இல்லை. சட்டையைக் கழற்றினாலும் கசகசப்பு, தண்ணீர் குடித்தாலும் தாகம். நாய் வண்டிக்கு அடியில் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. மிளகாய்க்குப் பிறகு அப்பா வாசலில் ரேடியோ வைத்துக் கேட்பதை விட்டிருந்தார், அன்றைக்கு மட்டும் என்ன தோன்றியதோ, திறந்தார். பொரிந்து தள்ளியது. பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை, வெறும் அப்பளம்தான். அப்பா முகம் மாறியது. "பாப்பா, பலகையப் போடு" என்றார்.

நான் தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று முதலில் பார்த்தேன். பிறகு வேண்டா வெறுப்பாகத் திருப்பினேன். பொட்டு மேற்கே போனதும் இரைச்சல் அடங்கியது. "பச்சைமலை. நேரா நம்ம தலைக்குத்தான் வருது" என்றார் அப்பா. சீக்கிரம் முடித்துக்கொண்டு உள்ளே ஓட வேண்டும் என்ற அவசரத்தில் நான் ரேடியோவை ஒரு முழுச் சுற்று சுற்றினேன், ஏதோ சொல்லவும் செய்தேன். விளையாடாதே, நேராக வை என்று அப்பா அதட்டினார். வைத்தேன்.

அம்மா வாசல்படியில் வந்து நின்றாள். "ஏங்க, ஊரு சிரிச்சு இப்பத்தான் ஓஞ்சிருக்கு. செத்த நேரம் சும்மாதான் இருங்களேன்" என்றாள். வயலில் கிடை இருக்கிறது, வெட்டவெளி, கல் விழுந்தால் குட்டிகள் தாங்காது, காளவாய்க் கொட்டகைக்கு ஓட்டச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அப்பா துண்டை உதறினார். "மொறை வந்த கெடைய எவனாவது தொரத்துவானா? எருவு வேணாமா நமக்கு?" என்று அம்மா கேட்டாள். "போனா போவுது புள்ள. உசுரு பெருசா, எருவு பெருசா?" என்றார். என்னையும் கூப்பிட்டார். நான் அவருக்குப் பின்னால் நன்றாக இடைவெளி விட்டு நடந்தேன்.

அப்பா சொன்னதைக் கேட்டுவிட்டுக் கீதாரி மேற்கே பார்த்தார். மலைப் பக்கம் சுத்தமாக இருந்தது, வெயில் கண்ணைக் கூசவைத்தது. "காளவா வரைக்கும் பொட்டல்ல ஓட்டணுமேய்யா. நடுவுல புடிச்சிக்கிட்டா?" என்று தயங்கினார். அப்பா அதற்கும் பதில் வைத்திருந்தார். "மழை மேக்கேருந்து வருது. நீங்க கெழக்க போறீங்க. அது ஊரத் தாண்டி வர்றதுக்குள்ள நீங்க கூரைக்குள்ள இருப்பீங்க." கேட்கிற யாருக்கும் சரியாகத்தான் படும். ஆனாலும் கீதாரி ஆட்டுத் தொரட்டிக் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். அப்போது அவர் மகள் சொன்னாள்: "அந்தப் பொட்டி சொன்னா தப்பாதாம்ப்பா. இந்தப் புள்ள சொல்லிச்சு."

கீதாரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

தன் வயல் எருவை விட்டுக்கொடுத்து ஒருவர் சொல்கிறார், அவர் பெண்ணும் தலையாட்டுகிறது, அப்புறம் அந்த மனுஷர்தான் என்ன செய்வார்? கூடைகளைத் தங்கள் கழுதைமேல் ஏற்றினார்கள். கறுப்புக் காதுக்குட்டியை மட்டும் மகள் கையில் வைத்துக்கொண்டாள். ஆடுகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கிழக்கே போயின. வரப்பில் போன ஒருவர், "என்னாப்பா, கெடையையும் அள்ளச் சொல்லிட்டியா? மொளவாப் பழம்னு நெனச்சியா?" என்றார். எனக்கு மண்ணுக்குள் புதைந்துகொள்ளலாம் போல இருந்தது. சாமி, எப்படியாவது ஆலங்கட்டி விழ வேண்டும், பெரிது பெரிதாக விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அது யார் தலையில் விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்து வாசலில் மேற்கே பார்த்து உட்கார்ந்தோம். வெயில் கொஞ்சம் சாய்ந்தது. மலைப் பக்கம் ஒரு திட்டு மேகம்கூட இல்லை. எதிர்வீட்டார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். அப்பா கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு மேற்கையே பார்த்தார். அப்போது எங்கள் முதுகுப் பக்கம் இடித்தது.

நாங்கள் திரும்பினோம். கூரைக்கு மேலே, கிழக்கே, மேகம் வானத்தில் பாதிக்கு எழும்பி நின்றது. வெறும் கறுப்பு இல்லை, பாசி பிடித்த குளம் மாதிரி பச்சை ஓடிய கறுப்பு. குளிர்காற்று ஒன்று வந்து மனைப்பலகையைப் புரட்டிப்போட்டது. அம்மா, "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று கத்திக்கொண்டே இரும்புப் பூண் போட்ட உலக்கையைத் தூக்கி வாசலில் எறிந்தாள், இரும்பைப் போட்டால் இடி இறங்காது என்று. உலக்கை விழுந்த சத்தத்தோடு சத்தமாக டப், டப் என்று கட்டிகள் விழுந்தன. கொட்டைப்பாக்கு அளவு. எங்கள் ஊருக்குக் கிடைத்தது அவ்வளவுதான், ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டு நின்றுவிட்டது. பொட்டல் பக்கம் மட்டும் வானத்துக்கும் தரைக்கும் வெள்ளையாகத் திரை தொங்கியது.

நான் குதித்தேன். நிஜமாகவே குதித்தேன். அப்பா குதிக்கவில்லை. அவர் மனைப்பலகையைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார், கிழக்கே பார்த்தார். பிறகு தலையில் துண்டுகூடப் போடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பொட்டல் பக்கம் மிதித்தார். தான் ஜெயித்ததைக் கண்ணால் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன்.

நான் ஒரு கட்டியைப் பொறுக்கிக்கொண்டு தெருவில் ஓடினேன். ஏரிக்கரைவழியாக இல்லை, நடுத்தெருவில். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "எங்கப்பா சொன்னாருல்ல? பாத்தீங்களா? எங்கப்பா சொன்னாருல்ல?" என்று கத்தினேன். கர்ர்ர் என்ற பையன்களிடம் கட்டியை முகத்துக்கு நேரே நீட்டினேன். கரையக் கரைய வேறு கட்டி பொறுக்கிக்கொண்டேன். பெரியவர்கள் அதிசயப்பட்டார்கள். "அட, ஆமாய்யா! சொன்ன மாதிரியே கொட்டிருச்சே!" என்றார்கள். இடிப்பெட்டி என்று முதலில் பேர் வைத்தவரே, அவன் சாதாரண ஆள் இல்லை என்று சொன்னார். பங்குனியிலிருந்து நான் பட்டதெல்லாம் ஒரே நாளில் தீர்ந்துபோனது.

பொழுது சாயும்போது தெருமுனையில் அப்பா வருவது தெரிந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் கீதாரி குடும்பம், அதற்குப் பின்னால் ஆடுகள். நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. கையில் கட்டியோடு எதிரே ஓடி, கீதாரி முன்னால் நின்று, "எங்கப்பா அப்பவே சொன்னாருல்ல?" என்று கத்தினேன். தெரு முழுவதும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"ஆமா தாயி. சொன்னாரு" என்றார் கீதாரி.

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கோபமும் இல்லை. கேட்ட பிள்ளைக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அப்புறம்தான் நான் பார்த்தேன். அவர் தோளிலும் முதுகிலும் கன்னிப்போன தடிப்புகள். அவர் மனைவி குழந்தையை மாரோடு அணைத்திருந்தாள், குழந்தைக்கு ஒன்றும் இல்லை. நடுப்பொட்டலில் கோழிமுட்டை அளவுக் கட்டி இறங்கியபோது குட்டிகளைக் கீழே தள்ளிவிட்டு அந்தக் கூடையில் பிள்ளையைப் போட்டு மேலே தான் கவிழ்ந்து படுத்துக்கொண்டாளாம். போனபோது தெருவை அடைத்துக்கொண்டு போன மந்தை இப்போது தெருவின் ஓர் ஓரமாக நொண்டிக்கொண்டு வந்தது. மகளுக்கு நெற்றி புடைத்து ஒரு கண் மூடியிருந்தது. தாவணித் துணி ஒன்றில் எதையோ சுற்றி இடுப்பில் வைத்திருந்தாள். துணிக்கு வெளியே கறுப்புக் காது தொங்கியது. அது ஆடவில்லை.

அவள் என்னைத் திட்டியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். கட்டி கரைந்து விரலிடுக்கில் சொட்டிக்கொண்டிருந்தது. உதறிவிட்டால் சத்தம் கேட்குமே என்று பயந்து, விரல் மரத்துப்போகிறவரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

வெட்டவெளி என்று பயந்தோமே, அந்த எங்கள் வயலில் நாலு கட்டிகூட விழவில்லை. கிடை அங்கேயே கிடந்திருந்தால் ஒரு குட்டிக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மிச்ச ஆடுகள் அன்று ராத்திரி அந்த வயலிலேயே படுத்தன. அம்மா உலை வைத்து அவர்களுக்குச் சோறு போட்டாள், அவர்கள் மகள் நெற்றிக்கு மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டாள். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

வாசலில் ஊர்க்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆட்டுக்காகக் கொஞ்சம் உச்சுக்கொட்டிவிட்டு அப்பாவைப் பாராட்டினார்கள். "திசைதான் கொஞ்சம் பெசகிருச்சு, ஆனா கல்லு விழும்னு சொன்னியேப்பா! இனிமே நீ சொன்னா கேக்கறோம்." அப்பா சுவரோரமாகத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாரும் போன பிறகு உள்ளே வந்து, ரேடியோவை எடுத்து, கட்டைவிரலை எச்சில் தொட்டுக் குங்குமப் பொட்டைத் தேய்த்தார். அது சுலபத்தில் போகவில்லை. விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படி இருட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கண்டுவிட்டார். உடனே எழுந்து வெளியே போய்விட்டார். தெருவில் கத்தி மானத்தை வாங்கிய பெண்ணைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கீதாரி புறப்பட்டபோது அப்பா எங்கள் வெள்ளாடுகள் இரண்டையும் அவிழ்த்து மந்தையோடு விட்டார். கீதாரி வேண்டாம் வேண்டாம் என்று கும்பிட்டார். "நீங்க நல்லதுக்குத்தானேய்யா சொன்னீங்க" என்றார். அதைக் கேட்டதும் அப்பா முகம் போன போக்கை நான் பார்த்தேன். மகள் திரும்பிப் பார்க்காமல் போனாள். அடுத்த வருஷம் வேறு கீதாரி வந்தார்.

அடுத்த கோடையில் ஊர்க்காரர்கள் உண்மையிலேயே வந்து கேட்டார்கள், மிளகாய் அள்ளட்டுமா, எள் அடிக்கட்டுமா என்று. "ரேடியோ கெட்டுப்போச்சுப்பா" என்பார் அப்பா. பக்கத்திலேயே ரேடியோ கணீரென்று பாடிக்கொண்டிருக்கும். பாட்டு கேட்பார், செய்தி கேட்பார். ஓரிரு இடங்களில் என்று ஆரம்பித்தால் மட்டும் கை போய்த் திருகிவிடும். நான் அங்கே இருந்தால் இன்னும் வேகமாகத் திருகுவார். அதன் பிறகு வானத்தைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மேகம் கட்டினால் என் பக்கம் பார்க்காமல் எழுந்து மாட்டைப் பிடித்துக்கட்டப் போய்விடுவார். எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான்: அப்பாவுக்கு என்மேல் கோபம், அது தீரவே தீராது.

பிறகு நான் திருச்சியில் காலேஜ் சேர்ந்தேன். ஒரு நாள் எங்கள் பிசிக்ஸ் மிஸ் பழைய டிரான்சிஸ்டர் ஒன்றைப் பிரித்து மேசைமேல் வைத்தார். உள்ளே செம்புக்கம்பி சுற்றிய கறுப்புக் குச்சி ஒன்று நீளவாட்டில் கிடந்தது. சத்தம் வருகிற பக்கத்துக்கு இந்தக் குச்சியின் முனை திரும்பினால் அது காது கேளாமல் போய்விடும் என்று சுற்றிக் காட்டினார். "எந்த முனை, மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். இரண்டு முனையும்தான் என்றார். சத்தம் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று இது சொல்லும், கோட்டின் எந்தப் பக்கம் என்று இதற்குத் தெரியாது, இதற்குத் தலையும் கிடையாது வாலும் கிடையாது என்றார். வகுப்பே எழுதிக்கொண்டிருந்தது. என் காது மடல் எரிந்தது.

அந்த வாரக் கடைசியில் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும். தப்பு உங்களுடையது இல்லை, அந்தப் பெட்டிக்கே கிழக்கும் மேற்கும் ஒன்றுதான், எட்டாவது படித்தவர் என்ன, எங்கள் மிஸ்ஸே அந்த இடத்தில் இருந்திருந்தாலும் என்ன செய்திருப்பார், உங்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அப்படிச் சொன்னால் என்மேல் உள்ள கோபமும் போய்விடும் என்று ஓர் ஆசை.

அப்பா மாட்டுக்குத் தட்டை வெட்டிக்கொண்டிருந்தார். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு சோளத்தட்டையைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை கேட்டார்.

"தெரியும் பாப்பா" என்றார்.

எனக்குப் புரியவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நீதான் அன்னிக்கே சொன்னியே. ரேடியோவச் சுத்திப்புட்டு, 'இந்தப் பக்கம் திருப்புனாலும் அடங்குதுப்பா'ன்னு சொன்ன. நான்தான் வெளையாடாதன்னு அதட்டிப்புட்டேன்." தட்டையை எடுத்து அரிவாளுக்கு அடியில் சரிசெய்தார். வெட்டவில்லை. "'ஏம்ப்பா நான் சொன்னதக் காதுல வாங்கல'ன்னு நீ பெருசாயி என்னிக்காவது கேப்பேன்னு இருந்தேன். நீ கேக்கல."

எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவர் சொன்ன பிறகுதான் வாசலும், பலகையும், பொட்டு கிழக்கே போனதும் சத்தம் நின்றதும், நான் அதைச் சொன்னதும் நினைவுக்கு வந்தன. அந்தச் சாயங்காலம் சைக்கிளை எடுப்பதற்கு முன்னால் அவர் பலகையை ஏன் அப்படிப் பார்த்தார் என்பதும் தெரிந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தட்டை வெட்ட ஆரம்பித்தார்.

அத்தனை வருஷமும் அவர் என்னைக் கண்டு எழுந்து எழுந்து போனது கோபத்தினால் இல்லை. ஊரெல்லாம் சிரித்தபோது சிரித்துச் சமாளித்த மனுஷர், என் ஒருத்தி முன்னால் மட்டும் தலை நிமிர முடியாமல் இருந்திருக்கிறார். ஓர் அப்பா தன் பத்து வயதுப் பெண்ணைப் பார்த்து வெட்கப்படுவார் என்று அப்போது எனக்குத் தெரியாது.